நாற்பது மீட்டர் அரட்டை

மழை பெய்ததா, கரண்ட் வந்ததா, கேபிளை அணில் கடித்துவிட்டதா, பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காலை வேளைகளில் நான் பேசியதும் கேட்டதும் பெரும்பாலும் இவைதான். பேசியவர்களில் ஒருவர்கூட என் தெருக்காரர் இல்லை. ஒருவர் திருச்சியில் ரயில்வேயில் இருந்தவர். ஒருவர் கோபிசெட்டிபாளையத்தில் டாக்டர். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்ப்பவர் ஒருவர், மதுரையில் வங்கி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர், கொடைக்கானலில் பள்ளிக்கூட டீச்சர் ஓர் அம்மா. எங்களை ஒன்று சேர்த்தது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் அதை நாற்பது மீட்டர் என்பார்கள். அலையின் நீளம் ஏறக்குறைய அவ்வளவு.

ஹாம் ரேடியோ பற்றிப் பத்திரிகையில் செய்தி வருவது பெரும்பாலும் இரண்டே சந்தர்ப்பங்களில்தான். புயலோ வெள்ளமோ வந்து போன், செல்போன் எல்லாம் படுத்துவிட்டால் எங்களைத் தேடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விண்வெளி நிலையத்தில் இருக்கும் வீரரோடு பேசினால் படம் போடுவார்கள். இரண்டும் நல்ல காரியம். ஆனால் வருஷத்தின் மிச்ச நாட்களில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. அரட்டை அடிக்கிறோம். அந்த அரட்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ராஜபாளையத்தில் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், மில் மோட்டார், மிக்ஸி என்று எது எரிந்தாலும் எங்களிடம் வரும். கடை முழுக்க எனாமல் கம்பியும் வார்னிஷ் வாசனையும்தான். ஒருநாள் மத்தியானம் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, இருபத்தாறு கேஜ் கம்பி மிச்சம் மீதி துண்டு கிடந்தா கொடுங்களேன்” என்றார். மோட்டாருக்கா என்றேன். “இல்லப்பா, டிரான்ஸ்மிட்டருக்கு” என்றார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கம்பியைக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார் என்றார்.

அவர் வீட்டு மாடி அறையில்தான் முதன்முதலாக 807 வால்வு ஒளிர்வதைப் பார்த்தேன். அலுமினியத் தகட்டை வளைத்து அவரே செய்த பெட்டி. மைக்கில் அவர் பேசப் பேச மீட்டர் முள் துள்ளியது. மொட்டைமாடியில் அறுபத்தாறு அடிச் செம்புக் கம்பி. நடுவில் இரும்புக் குழாயில் தூக்கிக் கட்டி, ஒரு நுனியை அடுத்த வீட்டுத் தென்னையிலும் இன்னொரு நுனியைக் கைப்பிடிச் சுவரிலும் இழுத்துக் கட்டியிருந்தார். அந்தக் கம்பியிலிருந்து புறப்பட்ட குரலுக்கு ஹைதராபாத்தில் இருந்து ஒருவர் பதில் சொன்னார். சொன்னது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஹைதராபாத்தில் வெயில் கடுமை, வீட்டில் வெள்ளை அடிக்கிறார்கள், அதனால் ஆன்டெனாவை இறக்கி வைத்திருந்தேன், இன்றைக்குத்தான் ஏற்றினேன். அவ்வளவுதான். நான் வீட்டுக்கே போக மறந்து உட்கார்ந்திருந்தேன்.

லைசென்ஸ் வாங்கப் பரீட்சை எழுத வேண்டும். அந்தக் காலத்தில் நாற்பது மீட்டரில் குரல் வழிப் பேச வேண்டுமானால் மோர்ஸும் தேறியாக வேண்டும். நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகம் கீழ் நிலைக்கு, பன்னிரண்டு மேல் நிலைக்கு. பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார். அவருக்கே அது மறுபடி படித்த படிப்பு. தந்தி ஆபீஸ் சவுண்டரில் விசில் சத்தம் கிடையாது. இரும்புக் குச்சி விழும்போது ஒரு தட்டு, எழும்போது ஒரு தட்டு. இரண்டு தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வைத்துத்தான் புள்ளி எது, கோடு எது என்று பிடிக்க வேண்டும். ஆயுள் முழுக்க அப்படியே கேட்டுப் பழகியவர், ரிட்டயர் ஆன பிறகு ரேடியோவின் ‘டிட் டா’வுக்குக் காதை மாற்றிக்கொண்டார். என்னைப் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வைத்து, வழியில் இருக்கும் கடை போர்டுகளை எல்லாம் மோர்ஸில் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். 1996-இல் லைசென்ஸ் தபாலில் வந்தது. கவரைப் பிரித்து, அலைவரிசையில் என் அடையாளப் பெயரான கால்சைனைப் பார்த்துவிட்டு அவரிடம் ஓடினேன். “சந்தோஷம். இனி ஆறு மாசம் கேளு. அப்புறம் பேசு” என்றார்.

கேட்டேன். அதில்தான் எனக்கு ஊர் உலகம் பழக்கமாயிற்று.

எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவதை நெட் என்போம். எங்கள் நெட் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அதற்கு வானத்தில் காரணம் இருக்கிறது. பொழுது விடிந்து, மேலே இருக்கும் அயன மண்டலத்தில் வெயில் பட்டதும், நாற்பது மீட்டரில் செங்குத்தாக மேலே போகும் அலை திரும்பி நம் வட்டாரத்திலேயே இறங்கும். சுற்றிலும் நானூறு, ஐநூறு கிலோமீட்டருக்குப் பளிச்சென்று கேட்கும். தமிழ்நாடு முழுக்க அதற்குள் அடக்கம். வெயில் ஏற ஏற, கீழே இன்னோர் அடுக்கு கெட்டிப்பட்டு அலையை விழுங்கத் தொடங்கும். பத்து மணிக்கு மேல் குரல்கள் மெலியும். இருட்டிவிட்டாலோ கதை தலைகீழ். பக்கத்து ஜில்லாக்காரர் கேட்க மாட்டார், ரஷ்யாக்காரர் கேட்பார். சூரியனில் புள்ளிகள் பெருகுவதும் குறைவதும் ஏறக்குறைய பதினோரு வருஷத்துக்கு ஒரு சுற்று. 2008, 2009-இல் புள்ளிகளே இல்லாத நாட்கள் நிறைய. அந்த இரண்டு வருஷமும் நெட் சோம்பலாகத்தான் எழுந்திருக்கும். ஏழரைக்குத்தான் திருச்சி கோபிக்குக் கேட்கும்.

திருச்சிக்காரர்தான் நெட் கன்ட்ரோல். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், யாருக்கு அடுத்து யார் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வரிசையாக மைக்கைக் கைமாற்றுவார்.

“கோபி, உங்க சிக்னல் இன்னிக்கு ஃபைவ் நைன் பிளஸ். ஆனா ஆடியோவுல லேசா ஹம் வருது டாக்டர். பவர் சப்ளையில ஃபில்டர் கெபாசிட்டரைப் பாருங்க. ஓவர் டு கோபி.”

“ரோஜர் ரோஜர். பாத்துடறேனுங்க. இங்க நைட்டு நல்ல மழைங்க. வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்க. மச்சு மேல தண்ணி நிக்குது, ஆன்டெனா பக்கம் போகவே முடியல. ஓவர்.”

“தஞ்சாவூர், நீங்க சொல்லுங்க. உங்க பக்கம் மழை உண்டா?”

“இங்க சொட்டு இல்ல சார். நாத்து காயுது. டாக்டர் ஊர் மேகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவிடச் சொல்லுங்க.”

கொடைக்கானல் டீச்சரம்மாவின் ரேடியோ சமையலறைக்குப் பக்கத்து அறையில். அவர் பேசும்போது நடுவில் குக்கர் விசில் அடிக்கும். எத்தனாவது விசில் என்று மதுரைக்காரர் எண்ணிக்கொண்டே இருந்து, “டீச்சர், மூணு ஆச்சு, அடுப்ப அணைச்சிருங்க” என்பார். அவர் போய் அணைத்துவிட்டு வரும்வரை அலைவரிசையை யாராவது கையில் பிடித்து வைத்திருப்போம்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. மைக்கின் பித்தானை அழுத்தியிருக்கும்வரை நமக்கு எதுவும் கேட்காது. அதனால் பேசுகிறவரை இடைமறிக்க வழியே இல்லை. ஆறு பேர் சுற்றுக்கு இருந்தால், நம் முறை திரும்பி வருவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். அதுவரை ஐந்து பேர் சொன்னதையும் கேட்டு, குறித்து வைத்து, வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். கோபிக்கு ஒரு வார்த்தை, தஞ்சாவூருக்கு ஒரு வார்த்தை, டீச்சரம்மாவுக்கு ஒரு வார்த்தை. யாரையும் விடக் கூடாது. விட்டால் பெரியவர் அன்று சாயங்காலம் கடைக்கு வந்துவிடுவார். “தஞ்சாவூர்காரர் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னாரே, நீ ஒண்ணுமே கேக்கலையே?” என்பார்.

இன்னொரு பழக்கம். ஒருவர் ஓவர் சொன்னதும் அடுத்தவர் உடனே பித்தானை அழுத்தக் கூடாது. ஓரிரு நொடி விட வேண்டும். யாருக்காவது அவசரம் இருந்தால் அந்த இடைவெளியில் ‘ப்ரேக்’ என்று சொல்லி உள்ளே வரலாம். எத்தனையோ காலைகளில் ஒருவரும் வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஓவருக்குப் பின்னும் அந்த இடத்தை விட்டுக்கொண்டே வந்தோம். மழையைப் பற்றிப் பேசும்போதும், கெபாசிட்டரைப் பற்றிப் பேசும்போதும், யாரோ ஒருவருக்கு வழி திறந்தே இருந்தது.

என்ன பேசக் கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் ஹாம்களுக்கான விதிகள் 1978-இல் வந்தவை. அரசியல், மதம், வியாபாரம் மூன்றும் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. சங்கேத மொழியில் பேசக் கூடாது. மூன்றாம் ஆளுக்காகச் செய்தி சுமக்கக் கூடாது, பேரிடர்க் காலம் தவிர. யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் பேசினோம் என்று லாக் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். பேச்சுக்கு விலங்கு போட்டது போல இருக்கிறதே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். என் அனுபவம் நேர் எதிர். அந்த மூன்றும் உள்ளே வராததால்தான் எங்கள் நெட் இத்தனை வருஷம் உடையாமல் நின்றது. யார் எந்தக் கட்சி, யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாருக்குச் சர்க்கரை, யார் மகள் மெடிக்கல் படிக்கிறாள், யார் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்பதெல்லாம் தெரியும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஹாம்தான், அவருடைய கால்சைன் வியூ2ஆர்ஜி. அலைவரிசைக்குள் வந்துவிட்டால் அவருக்கும் எங்கள் தஞ்சாவூர்காரருக்கும் விதி ஒன்றே.

சர்வதேச வானொலி விதிகளில் இதைவிட அழகான ஒரு ஷரத்து நெடுங்காலம் இருந்தது. ஹாம்கள் தொழில்நுட்பச் சோதனைகளைப் பற்றிப் பேசலாம், சொந்த விஷயங்களும் பேசலாம். ஆனால் அந்தச் சொந்த விஷயங்கள், காசு கட்டித் தந்தியோ டெலிபோனோ வழியாக அனுப்பும் அளவுக்கு முக்கியம் இல்லாதவையாக இருக்க வேண்டும். 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டில்தான் இந்த நிபந்தனையை எடுத்தார்கள். அதுவரை முக்கியம் இல்லாததைப் பேசுவதற்கென்றே எங்களுக்கு உலக நாடுகள் சேர்ந்து அலைவரிசை ஒதுக்கியிருந்தன.

பெரியவர் இதைப் பற்றி அடிக்கடி சொல்வார். பணியில் இருந்த காலம் முழுக்க மற்றவர்களுடைய முக்கியமான செய்திகளையே அவர் கை தட்டியிருக்கிறது. சாவு, பிறப்பு, பரீட்சை பாஸ், உடனே புறப்பட்டு வா. சொல்லுக்கு இவ்வளவு காசு என்பதால் ஜனங்கள் ஒவ்வொரு சொல்லையும் வெட்டி வெட்டிக் கொடுப்பார்கள். அம்மா இறந்ததைச் சொல்ல வந்தவர்கூட ஃபாரத்தில் இரண்டு சொல்லை அடித்துவிட்டுத்தான் நீட்டுவார். “எல்லாம் எலும்பும் தோலுமா வரும்பா. சேதி இருக்கும், மனுஷன் இருக்க மாட்டான்” என்பார். ஓய்வுபெற்ற பிறகு, சொல்லை எண்ணாமல், காசு கொடுக்காமல், ராமநாதபுரத்தில் வெயில் எப்படி என்று கேட்க ஓர் இடம் கிடைத்ததே என்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். நாங்கள் என்றைக்காவது பேச விஷயம் இல்லை என்று சீக்கிரம் முடித்தால் கோபித்துக்கொள்வார்.

விஷயம் இல்லாத காலம் அதிகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், கடையில் எளிதாகக் கிடைக்கும் உதிரிகளை வைத்தே செய்யும்படி பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவரை வடிவமைத்து எல்லோருக்கும் பொதுவில் கொடுத்தார். வெளிநாட்டு ரிக் (ரேடியோ செட்) வாங்க வசதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். காயில் சுற்ற இறக்குமதி வளையம் தேடி அலைய வேண்டாம், குழாய்க்குப் போடும் வாஷரிலேயே சுற்றலாம் என்பது அவர் காட்டிய வழி. மாதக்கணக்கில் எங்கள் நெட்டில் வாஷர் பேச்சுதான். எந்த ஊர்க் கடையில் எந்த அளவு கிடைக்கிறது, எத்தனை சுற்று, எந்த கேஜ். கம்பி என் கடையில் கிடக்கிறது. நெட்டில் வியாபாரம் பேசக் கூடாது, விலை சொல்ல முடியாது. துண்டு துண்டாக நறுக்கி, சுருட்டி, தபாலில் எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன். தஞ்சாவூரிலிருந்து பதிலுக்கு ஒரு மூட்டை பச்சரிசி பஸ்ஸில் வந்து இறங்கியது. பொங்கலுக்கு அதைத்தான் பொங்கினோம்.

மதுரை டெலிபோன் ஆபரேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குரலை வைத்து ஆளை அடையாளம் காண்பதில் அவரை மிஞ்ச எங்களில் ஆள் இல்லை. கால்சைன் சொல்வதற்கு முன்பே, பித்தானை அழுத்தும் அந்த ‘க்ளிக்’கிலேயே, “வாங்கண்ணே, ராஜபாளையம்” என்பார். என் குரலில் சளி கட்டியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். மைக்கை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை டாக்டரிடம், “என்னங்க டாக்டர், புது வீட்டுக்குப் போயிட்டீங்களா, ரூம்ல எக்கோ வருதே” என்று கேட்டார். டாக்டர் அறையிலிருந்த பீரோவை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார். வருஷக்கணக்கில் இப்படிப் பேசிப் பழகிய பிறகு, ஹாம்கள் கூடும் ஹாம்ஃபெஸ்ட் ஒன்றில்தான் எல்லோரும் நேரில் சந்தித்தோம். மண்டப வாசலில் நின்ற ஒவ்வொருவரும் அடுத்தவர் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தோம். டாக்டர் நான் நினைத்ததைவிடக் குள்ளம். டீச்சரம்மா நான் நினைத்ததைவிட வயதானவர். மதுரைக்காரர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறவியிலேயே அவருக்குப் பார்வை இல்லை. அத்தனை வருஷத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கும் வரவில்லை, கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கும் வரவில்லை. என் குரல் கேட்டதும் நேராக என் பக்கம் திரும்பி, கையை நீட்டினார். “அண்ணே, சளி சரியாயிருச்சு போல” என்றார்.

2004 டிசம்பர் மாதம் எங்கள் நெட்டில் ஒரே பேச்சு அந்தமான். அங்கிருந்து வெகுகாலமாக ஹாம் குரல் எதுவும் வந்ததில்லை. உலகம் முழுக்க உள்ள ஹாம்கள் அந்தமானோடு ஒரு தொடர்பு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம். டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் முறைப்படி அனுமதி வாங்கி, போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து, வியூ4ஆர்பிஐ என்ற கால்சைனில் பேசத் தொடங்கியிருந்தார். எங்களுக்குக் கிடைத்ததா, உங்களுக்குக் கிடைத்ததா என்பதுதான் தினசரி விசாரிப்பு. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம். சில மணி நேரத்தில் தமிழ்நாட்டுக் கரையிலும் அலை ஏறிவிட்டது. அந்தமானுக்கு டெலிபோன் இல்லை. விளையாட்டுக்காகப் போயிருந்த அந்த ரேடியோதான் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குத் திறந்திருந்த வழிகளில் ஒன்றாயிற்று. பிழைத்தவர்களின் பெயர்கள் அதன் வழியே வரத் தொடங்கின.

அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போனவர்கள் ஏராளம். வந்த பெயர்களைக் கரையில் இருந்த ஹாம்கள் பிரித்து வாங்கி, சொந்தக்காரர்களுக்குச் சொன்னார்கள். எங்கள் பங்குக்கு வந்தவற்றைப் பெரியவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து வாங்கினோம். வாங்கியவர் அவர். பழைய தந்தி ஃபாரத்தில் எழுதுவது போலக் கொட்டை எழுத்தில் எழுதி, சொல் எண்ணி, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்து என் கையில் கொடுப்பார். நான் கீழே இறங்கிப் போய் எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்வேன்.

அதில் ஒரு செய்தி என் நினைவில் அப்படியே இருக்கிறது. மூவரும் பத்திரம், ஏர்வாடியில் உள்ள அண்ணனுக்குச் சொல்லவும் என்று இருந்தது. போன் நம்பர் இருந்தது, எஸ்டிடி கோடு இல்லை. ராமநாதபுரம் பக்கம் ஓர் ஏர்வாடி இருக்கிறது, திருநெல்வேலி பக்கமும் ஓர் ஏர்வாடி இருக்கிறது. செய்தி வந்தபோது சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எந்த ஏர்வாடி என்று பெரியவர் திருப்பிக் கேட்பதற்குள் அந்தமான் பக்கம் அலைவரிசை மூடிவிட்டது. அந்த இடைவெளியில், “ப்ரேக்” என்று ஒரு குரல். மதுரைக்காரர். “ஐயா, ‘தர்கா’ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. சொல்லும்போதே அமுங்கிப் போச்சு. எனக்கு விழுந்துச்சு. அது ராமநாதபுரம் ஏர்வாடிதான்.” அந்தக் கோடு போட்டு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். மூவரும் பத்திரம் என்றேன். அந்தப் பக்கம் யாரோ இன்னொருவரிடம் சொல்ல, அவர் வேறொருவரிடம் சொல்ல, வீடு முழுக்க அந்தச் சேதி ஓடுவது ரிசீவரில் எனக்குக் கேட்டது.

அமுங்கிப்போன அந்த ஒரு சொல்லை மதுரைக்காரர் எப்படிப் பிடித்தார்? வருஷக்கணக்கில் அவர் குக்கர் விசிலையும் பீரோ நகர்ந்ததையும் கேட்டுக்கொண்டிருந்தவர். மழை இரைச்சலுக்குள்ளிருந்து டாக்டர் குரலைப் பிரித்தெடுத்தவர். பேரிடருக்கென்று எங்களில் யாரும் தனியாகப் பயிற்சி எடுத்ததில்லை. காலை அரட்டைதான் எங்கள் பயிற்சி. ஒன்றுமில்லாததைப் பேசியபோது பழகிய காதும், ஓவருக்குப் பின் விட்டுப் பழகிய இடைவெளியும், அன்றைக்கு அப்படியே உதவின. அதனால்தான், வெட்டிப் பேச்சுக்கா இவ்வளவு பெரிய கம்பி கட்டியிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பெரியவர் 2010-இல் காலமானார். 2013 ஜூலையில் தந்திச் சேவையையே அரசு நிறுத்திவிட்டது. அன்றைக்கு நெட்டில் அவரைப் பற்றித்தான் பேசினோம். அவர் செய்த 807 டிரான்ஸ்மிட்டர் என்னிடம் இருக்கிறது. பொங்கலன்று ஏற்றிப் பேசுவேன். ஆடியோ வட்டமாக, கனமாக வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

இப்போது ஹாம் ரேடியோவும் மாறிவிட்டது. எஃப்டி8 என்று ஒரு முறை 2017-இல் வந்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கியும் உருவாக்கியது. பதினைந்து நொடிக்கு ஒரு முறை கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கால்சைனும் இடமும் சிக்னல் அளவும் மாற்றிக்கொள்ளும். காதுக்கே கேட்காத சிக்னலைக்கூடப் பிடித்துவிடும். இருந்த இடத்திலிருந்து நூறு நாடுகளை எட்டலாம். அறிவியலாக அது அபாரமான சாதனை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் உங்கள் ஊரில் மழையா என்று கேட்க இடம் இல்லை. எனக்கு அது போதவில்லை. நூறு நாட்டைத் தொட்டுவிட்டு ஒருவரிடமும் பேசாமல் வருவதற்கு நான் மாடி ஏறவில்லை.

இரைச்சல் இன்னொரு தொல்லை. எல்இடி பல்பு, மலிவான சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து நாற்பது மீட்டரில் கரகரவென்று நிரப்பிவிடுகின்றன. ஊருக்குள் இருப்பவர்களுக்கு மெல்லிய குரல்கள் கேட்பதில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போகும்போது பேட்டரியில் ரிக்கைப் போட்டால், 1996-இல் கேட்ட அதே சுத்தமான நாற்பது மீட்டர் திரும்பிவிடும். கரண்ட் போனால் நான் மாடிக்கு ஓடுவதை வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

வாட்ஸ்ஆப் குழுவும் எங்களுக்கு இருக்கிறது. காலை வணக்கப் படங்கள், ஃபார்வர்டு வீடியோக்கள் எல்லாம் வருகின்றன. நெட்டில் இருபத்தைந்து வருஷம் ஒருவருக்கொருவர் முகம் சுளிக்காமல் பேசியவர்களில் இரண்டு பேர், ஒரு தேர்தல் சமயத்தில் மனம் கசந்து குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். நெட்டுக்கு மட்டும் இருவரும் இன்றைக்கும் வருகிறார்கள். திருச்சிக்காரர் ஒருவருக்குப் பின் ஒருவராக மைக் கொடுக்கிறார். இவர் அவரிடம் சிக்னல் கேட்கிறார், அவர் இவரிடம் முழங்கால் வலி எப்படி என்று கேட்கிறார். இந்த ஒன்றே போதும், 1978 விதிகளை எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்ல.

புதியவர்கள் வருவது குறைந்துவிட்டது. அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் பரீட்சை எழுதலாம். மோர்ஸ் தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடும் இருக்கிறது. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸும் விதிகளும் படித்தால் தேறிவிடலாம். ரிக் வாங்கப் பணம் இல்லையென்றால் கிட் வாங்கிச் செய்யலாம், உதவுவதற்கு ஆள் இருக்கிறோம். உங்கள் ஊரில் மொட்டைமாடிக் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாகக் கம்பி கட்டியிருக்கும் வீடு ஏதாவது கண்ணில் பட்டால், தயங்காமல் கதவைத் தட்டுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். லைசென்ஸ் வந்ததும் முதல் ஆறு மாதம் கேளுங்கள். பிறகு ஒரு காலையில், யாராவது ஓவர் சொன்னதும், உங்கள் கால்சைனைச் சொல்லுங்கள். நாங்கள் இடம் விட்டுத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.